லஅல்ல: தீர்ப்பை ஒத்திவைக்கும் ஒரு சொல்

ஜும்ஆவில் இமாம் மிம்பரில் ஏறிய பிறகு ஓர் இளைஞன் அவசரமாக உள்ளே வருகிறான். சட்டை நனைந்திருக்கிறது. அவன் ஸப்பில் உட்காரும் முன்பே நமது உள்ளத்தில் ஒரு வசனம் எழுதி முடிந்துவிடுகிறது: "தொழுகையில் அக்கறையில்லாத பிள்ளை." கடன் வாங்கியவர் புது மோட்டார் சைக்கிளில் போகிறார், "என் காசு அங்கே ஓடுகிறது" என்கிறது உள்ளம். மையித்து வீட்டில் மருமகள் அழாமல் நிற்கிறாள். அவளுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. இதற்கெல்லாம் இரண்டு செக்கன் கூடப் பிடிப்பதில்லை. வாய் திறக்கவில்லை, யாரையும் புறம் பேசவில்லை, எனவே பாவம் எதுவும் இல்லை என்று நாம் ஆறுதலடைகிறோம்.

இந்த இரண்டு செக்கனுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். ஏனெனில் நமது சமூகத்தின் பல பெரிய பிளவுகள் இந்தச் சிறிய இடத்தில்தான் பிறக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

நாம் கண்டது என்ன? நனைந்த சட்டை, தாமதமான நேரம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை தன் உம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வந்தானா, பாமசியில் முதலாளி விடும் வரை காத்து நின்றானா, உண்மையிலேயே சோம்பேறியா என்பது நமக்குத் தெரியாது. தெரியாத அந்தப் பெரும்பகுதியை நாமே இட்டு நிரப்பினோம். அப்படி இட்டு நிரப்புவதற்குக் கற்பனை என்று பெயர். தீர்ப்புச் சொல்கிறவர் தன்னை உண்மையின் பக்கம் நிற்பவராக நினைக்கிறார். ஆனால் அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார், அதில் வில்லனையும் அவரே நியமித்திருக்கிறார். ஊகம் பேச்சுகளிலேயே மிகப் பொய்யானது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வாயால் சொல்லாத ஒன்றை ஏன் "பேச்சு" என்றார்கள் என்று நான் யோசித்ததுண்டு. உள்ளமும் பேசுகிறது. கேட்பதற்கு ஆளில்லாததால் அங்கே பொய்யை மறுப்பாரும் இல்லை.

ஆகவே பிறரைப் பற்றிக் கற்பனை செய்வதா, வேண்டாமா என்பதல்ல கேள்வி. மனிதனால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. எந்தக் கற்பனை என்பதே கேள்வி.

கற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். தீனில் கற்பனைக்கு என்ன வேலை? ஆனால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து கேள்வி கேட்ட அந்தப் புகழ்பெற்ற ஹதீஸை நினைத்துப் பாருங்கள். இஹ்ஸான் என்றால் என்ன என்ற கேள்விக்கு, அல்லாஹ்வைப் பார்ப்பது போல அவனை வணங்குவது என்பதே பதிலின் முதற்பகுதி. "போல" என்ற அந்தச் சொல் நம்மிடம் கேட்பது ஈமான் வழிநடத்தும் ஒரு கற்பனையைத்தானே! புறம் பேசுவதைத் தடுக்கும்போதும் குர்ஆன் வெறும் தடையுத்தரவோடு நின்றுவிடவில்லை. இறந்து கிடக்கும் சகோதரனின் மாமிசத்தைத் தின்பதாக நம்மை நாமே காணச் செய்கிறது (49:12). அருவருப்பு வரும் வரை பார்க்கச் சொல்கிறது. உள்ளத்தைத் திருத்த அல்லாஹ் படங்களைப் பயன்படுத்துகிறான்.

அதே ஸூரத்துல் ஹுஜுராத்தில், ஊகங்களைத் தவிர்க்கச் சொல்லும் அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தில் ஒரு சிறு சொல் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்ய வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரை விடச் சிறந்தவர்களாக இருக்கக்கூடும் என்கிறது அந்த வசனம் (49:11). "இருக்கக்கூடும்" என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல் "அஸா". பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லும்போது அதே சொல் மீண்டும் வருகிறது. அவர்கள் சிறந்தவர்கள் என்று அல்லாஹ் அறுதியிட்டுக் கூறவில்லை, இருக்கக்கூடும் என்கிறான். நாம் பரிகாசத்தை விடுவதற்கு அந்தச் சாத்தியம் ஒன்றே போதுமானதாக ஆக்கப்பட்டிருக்கிறது.

அஸாவுக்கு ஒரு சகோதரச் சொல் உண்டு: "லஅல்ல". தமிழில் "ஒருவேளை" என்று சொல்லலாம். ஸூரா அபஸவின் ஆரம்பத்தில் அது வருகிறது. குறைஷித் தலைவர்களுக்கு நபியவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில் பார்வையற்ற ஸஹாபியான இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்தார்கள். அவரை விட்டு முகம் திரும்பிய அந்தக் கணத்துக்காக வஹீ இறங்கியது. உமக்கு என்ன தெரியும், அவர் ஒருவேளை தூய்மையடையக்கூடும் என்பது அதன் கருத்து (80:3). யாரிடம் பேசினால் பயன் வரும் என்பதைக் கண்முன் தெரியும் அந்தஸ்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்ற பாடத்தை, படைப்பினங்களில் சிறந்தவருக்கே அல்லாஹ் இந்தச் சொல்லைக் கொண்டு கற்றுக்கொடுத்தான்.

அதன் பிறகு நபியவர்களின் வாழ்வில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பெரும்பாலும் யாராவது வாளை உருவத் தயாராக நிற்கும் நேரத்தில்.

அபூ ஸயீத் அல்குத்ரி (ரழி) அறிவிப்பதாக புஹாரியில் ஒரு சம்பவம் உள்ளது. யமனிலிருந்து அலி (ரழி) அவர்கள் அனுப்பிய தங்கத்தை நபியவர்கள் நான்கு பேருக்குப் பங்கிட்டார்கள். கண்கள் உள்ளே ஒட்டிய, அடர்ந்த தாடியுடைய ஒருவர் எழுந்து, அல்லாஹ்வின் தூதரைப் பார்த்தே அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுமாறு சொன்னார். இதைவிட அவமரியாதை வேறென்ன வேண்டும்? அவர் திரும்பிச் சென்றதும் காலித் பின் வலீத் (ரழி) அவரது கழுத்தை வெட்ட அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் மறுத்து, அவர் ஒருவேளை தொழுபவராக இருக்கக்கூடும் என்றார்கள். காலித் (ரழி) விடவில்லை. உள்ளத்தில் இல்லாததை நாவால் சொல்லும் தொழுகையாளிகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாம் இன்று கேட்கும் கேள்வியும் அதுதான். அதற்கு நபியவர்கள், மனிதர்களின் இதயங்களைத் துளைத்துப் பார்க்கவோ வயிறுகளைப் பிளந்து பார்க்கவோ தமக்குக் கட்டளையிடப்படவில்லை என்றார்கள்.

இந்த ஹதீஸை மேடையில் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அறிவிப்பு தொடர்கிறது. அந்த மனிதரின் வழித்தோன்றலில் குர்ஆனை ஓதியும் அது தொண்டையைத் தாண்டாத ஒரு கூட்டம் வரும் என்று நபியவர்கள் முன்னறிவித்தார்கள். அதாவது அந்த ஆள் உண்மையில் நல்லவர் என்று பின்னர் நிரூபணமாகும் இனிமையான கதை அல்ல இது. வஹீ வரும் ஒருவர், அந்த மனிதரிடமிருந்து வரவிருக்கும் ஆபத்தை அறிந்திருந்தும், அவரது இதயத்தின் மீது தீர்ப்பளிக்கும் வேலையை ஏற்க மறுத்தார்கள். "ஒருவேளை" என்ற சொல் ஒருவருக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுப்பதில்லை. நமக்குச் சொந்தமில்லாத பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறது, அவ்வளவே.

ஹாதிப் பின் அபீ பல்தஆ (ரழி) அவர்களின் விடயம் இன்னும் கனமானது. மக்கா வெற்றிக்கு முன், முஸ்லிம்களின் படையெடுப்பு இரகசியத்தை குறைஷிகளுக்குத் தெரிவிக்கும் கடிதமொன்றை அவர் ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். இன்றைய சட்டத்தில் இதற்குத் தேசத்துரோகம் என்று பெயர். நபியவர்கள் அதை லேசாக எடுக்கவில்லை. அலி, ஸுபைர், மிக்தாத் (ரழி) ஆகியோரை அனுப்பி ரவ்ழத்து காக் என்ற இடத்தில் அந்தப் பெண்ணை மறித்துக் கடிதத்தைக் கைப்பற்றச் செய்தார்கள். ஹாதிபை அழைத்து, இது என்ன என்று கேட்டார்கள். மக்காவில் தன் குடும்பத்தைப் பாதுகாக்க உறவுப் பலம் தனக்கு இல்லை, அதனால் அங்கே ஒரு நன்றிக்கடனை ஏற்படுத்திக்கொள்ளவே செய்தேன், மார்க்கத்தை விட்டு மாறவில்லை என்றார் அவர். உமர் (ரழி) அவரை முனாபிக் என்று அழைத்து வெட்ட அனுமதி கேட்டார்கள். நபியவர்களோ, அவர் பத்ரில் கலந்துகொண்டவர், உமக்கு என்ன தெரியும், அல்லாஹ் ஒருவேளை பத்ருவாசிகளைப் பார்த்து அவர்களை மன்னித்துவிட்டதாகக் கூறியிருக்கக்கூடும் என்றார்கள். மீண்டும் லஅல்ல. உமர் (ரழி) அவர்களின் கண்கள் கலங்கின.

இந்தச் சம்பவத்தில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடப்பதைக் கவனியுங்கள். செயல் விசாரிக்கப்பட்டது, ஆதாரம் கைப்பற்றப்பட்டது, ஆபத்து தடுக்கப்பட்டது. "முனாபிக்" என்ற உள்ளத்தின் மீதான தீர்ப்பு மட்டும் அனுமதிக்கப்படவில்லை.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நல்லெண்ணம் வையுங்கள்" என்ற அழகான அறிவுரை நம் ஊர்களில் சில நேரம் அநியாயத்தின் மீது போர்த்தும் கம்பளமாக மாறிவிடுகிறது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லும்போது, ஒரு மனைவி காயத்தைக் காட்டும்போது, பள்ளிவாசல் கணக்கு வழக்கில் கேள்வி எழும்போது, "ஊகம் பாவம்" என்று வாயடைப்பது ஹுஜுராத் அத்தியாயத்தைத் தலைகீழாக ஓதுவதாகும். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளையும் அதே ஸூராவில்தான் இருக்கிறது (49:6). தன்னைப் பெண் கேட்டவர்களைப் பற்றி பாத்திமா பின்த் கைஸ் (ரழி) ஆலோசனை கேட்டபோது, ஒருவர் ஏழை என்பதையும் மற்றவர் தடியைக் கீழே வைக்காதவர் என்பதையும் நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். தேவையான இடத்தில், தெரிந்த செயலைப் பற்றி, தேவையான அளவு பேசுவது கடமை. இதயத்தைப் பிளப்பது வேறு வேலை.

சரி, இரண்டு செக்கனில் தானாக வந்துவிடும் எண்ணத்தை என்ன செய்வது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தப்பெண்ணத்தை "உள்ளத்தால் பேசும் புறம்" என்று வகைப்படுத்துகிறார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த அவர்களின் விளக்கம் இன்று மனநல ஆலோசகர்கள் சொல்வதை விட நுணுக்கமானது என்பது எனது எண்ணம். மனதில் தோன்றி மறைவது மன்னிக்கப்பட்டது. சந்தேகமும் கூட மன்னிக்கப்பட்டதே. உள்ளம் அதன் பக்கம் சாய்ந்து, அதை உறுதியாகப் பிடித்துக்கொள்வதுதான் தடுக்கப்பட்டது. சாய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? அதற்கும் அடையாளம் சொல்கிறார்கள். அந்த மனிதரிடம் முன்பு இருந்த நெருக்கம் குறைந்து, அவரைப் பார்ப்பது பாரமாகி, அவரைக் கண்ணியப்படுத்துவதில் சோர்வு வந்தால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். ஸலாமுக்குப் பதில் சொல்லும்போது நம் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கவனித்தாலே போதும்.

அதற்கு அவர்கள் தரும் மருந்து, எண்ணத்தோடு மல்லுக்கட்டுவதல்ல. தப்பெண்ணம் வந்த அந்த மனிதருக்கு வழமையை விட அதிகமாகக் கவனிப்புக் காட்டு, அவருக்காக துஆச் செய் என்கிறார்கள். உன் ஒவ்வொரு தப்பெண்ணமும் அவருக்கு ஒரு துஆவாக மாறுவதைக் கண்டால், ஷைத்தான் அந்த எண்ணத்தைப் போடவே தயங்குவான் என்பது அவர்களின் கணக்கு. வியாபாரிகள் நிறைந்த சமூகத்துக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகாது.

பிதாயத்துல் ஹிதாயாவில் அவர்கள் சொல்லித்தரும் பயிற்சி இன்னும் நேரடியானது. சிறுவனைக் கண்டால், இவன் இன்னும் அல்லாஹ்வுக்கு மாறு செய்யவில்லை, நான் செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டும். முதியவரைக் கண்டால், எனக்கு முன்பே வணங்கத் தொடங்கியவர் என்று. படித்தவரைக் கண்டால், எனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்திருக்கிறது என்று. படிக்காதவரைக் கண்டால், அவர் தெரியாமல் செய்ததை நான் தெரிந்து செய்தேன் என்று. முஸ்லிமல்லாதவரைக் கண்டால் கூட, அவரது முடிவும் எனது முடிவும் எப்படி அமையும் என்று எனக்குத் தெரியாது என்று. பஸ்ஸில் ஒரு மணி நேரம் பயணித்தால் இந்த ஐந்து வகையினரும் ஏறி இறங்கிவிடுவார்கள். நான் இதைக் கொழும்பு பஸ்களில் முயன்று பார்க்கிறேன். கையில் தஸ்பீஹ் இல்லாத திக்ர் என்று இதைச் சொல்லலாம்.

இடையில் ஒரு குறிப்பு. "உன் சகோதரனுக்காக எழுபது காரணங்கள் தேடு" என்பது வட்ஸ்அப்பில் ஹதீஸாகப் பகிரப்படுகிறது. கருத்து அருமையானதுதான். ஆனால் அது நபிமொழி அல்ல, முன்னோர்களின் கூற்றாகவே நூல்களில் வருகிறது. நல்லதைச் சொல்வதற்காகவும் நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் இலங்கையில் வாழும் முஸ்லிம்களாகிய நாம் மற்றவர்களை விட எளிதாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நம் தாடியும் அபாயாவும் பெயரும் எப்படி வாசிக்கப்பட்டன? பஸ்ஸில் பக்கத்து ஆசனம் காலியாகவே இருந்ததை மறக்க முடியுமா? வீட்டில் இருந்த அரபு எழுத்துள்ள புத்தகத்தைப் பார்த்தவர் அதற்கு ஒரு கதை எழுதினார். அந்தக் கதையில் நாம் யார் என்பதை நம்மிடம் கேட்கவில்லை. 2020இலும் 2021இன் ஆரம்பத்திலும் கொரோனாவால் மரணித்த நம் உறவுகள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது, அறிவியல் சொன்னதை விட நம்மைப் பற்றிய ஊகம் பலமாக இருந்ததைக் கண்டோம். யாராவது ஒருவர் நின்று "ஒருவேளை" என்று சொல்ல மாட்டாரா என்று அன்று ஏங்கினோம். சொன்ன சிங்கள, தமிழ் சகோதரர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

அப்படி ஏங்கிய நாம், மஹல்லாவுக்குள் திரும்பியதும் என்ன செய்கிறோம்? தொழுகையில் கை கட்டும் இடத்தைப் பார்த்து அகீதாவை அளக்கிறோம். மௌலித் ஓதுபவரின் தவ்ஹீதையும், ஓதாதவரின் நபிநேசத்தையும் ஒரே வேகத்தில் சந்தேகிக்கிறோம். தப்லீக்கில் போகிறவர் குடும்பத்தைக் கவனிக்காதவர், இயக்கத்தில் இருப்பவர் அரசியல்வாதி என்று பெயர்ப்பலகைகள் தயாராக இருக்கின்றன. மஸ்அலாக்களில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். அது ஆலிம்களின் சபையில் ஆதாரங்களோடு பேசப்பட வேண்டியது. ஆனால் ஆதாரத்தைப் பேசுவதிலிருந்து ஆளின் நிய்யத்தைப் பேசுவதற்குத் தாவும் அந்த இடத்தில்தான் காலித் (ரழி) அவர்களுக்குக் கிடைத்த பதில் நமக்கும் கிடைக்கிறது. நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்த பின் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு நாடெங்கும் இருந்து ஜனாஸாக்கள் வந்தன. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். பிற மதத்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரே மண். அங்கு கபுறு தோண்டியவர்கள் வந்தவரின் ஜமாஅத்தைக் கேட்டுவிட்டா தோண்டினார்கள்?

நமக்கு அநீதி செய்தவர்கள் விடயத்திலும் குர்ஆன் இந்தச் சொல்லைக் கைவிடவில்லை. ஹாதிப் (ரழி) அவர்களின் சம்பவத்தையொட்டி இறங்கிய ஸூரத்துல் மும்தஹினாவிலேயே, உங்களுக்கும் நீங்கள் பகைத்திருப்போருக்கும் இடையில் அல்லாஹ் அன்பை ஏற்படுத்தக்கூடும் என்று வருகிறது (60:7). அங்கும் அஸா. அந்த வசனம் இறங்கியபோது அபூ ஸுப்யான் எதிரணியில் இருந்தார். சிறிது காலத்தில் அவர் ஒரு ஸஹாபி.

கடைசியாக, அந்த உள்மன நீதிமன்றத்தில் அதிகம் நிறுத்தப்படும் கைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நாமேதான். ஒரு பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, தவ்பாவும் செய்து, மீண்டும் விழுந்த பலர் ஒரு கட்டத்தில் தம்மைப் பற்றித் தாமே இறுதித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "நானெல்லாம் தொழுது என்ன பயன்?" என்று இளைஞர்கள் சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். பணிவு போலத் தெரியும் இந்தப் பேச்சும் ஓர் ஊகம்தான். இந்த முறை அல்லாஹ்வைப் பற்றிய ஊகம். மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிக்கிறார் என்று நபியவர்கள் தடுத்த சம்பவம் புஹாரியில் உண்டு. தண்டனையும் நிறைவேறியது, நேசமும் சாட்சி சொல்லப்பட்டது. ஒரே உள்ளத்தில் இரண்டும் இருந்தன.

தபூக் போருக்குச் செல்லாமல் மதீனாவில் தங்கிவிட்ட சிலர் இருந்தார்கள். அபூ லுபாபா (ரழி) அவர்களில் ஒருவர் என்று தப்ஸீர்கள் கூறுகின்றன. நபியவர்கள் திரும்பி வரும் செய்தி கேட்டதும் வெட்கம் தாளாமல் அவர்கள் மஸ்ஜிதுந் நபவியின் தூண்களில் தம்மைத் தாமே கட்டிக்கொண்டார்கள். தாமே குற்றவாளி, தாமே நீதிபதி, தாமே சிறைக்காவலர். அவர்களைப் பற்றித்தான், பாவத்தை ஒப்புக்கொண்டு, நல்ல அமலோடு கெட்ட அமலைக் கலந்துவிட்டவர்கள், அல்லாஹ் அவர்களை மன்னிக்கக்கூடும் என்ற வசனம் இறங்கியது (9:102). இங்கும் அஸாதான். அல்லாஹ்வின் வாக்கில் அஸா வந்தால் அது நிச்சயம் என்று முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். வசனம் இறங்கியதும் நபியவர்கள் அவர்களை அவிழ்த்துவிட்டார்கள். அவர்கள் தங்கள் செல்வத்தைக் கொண்டுவந்து ஸதகாவாக நீட்டினார்கள். அதை ஏற்றுக்கொள்ளுமாறும், அவர்களுக்காக துஆச் செய்யுமாறும் அடுத்த வசனம் நபியவர்களுக்குச் சொன்னது.